எட்டேகால் மணி மாலை

எட்டேகால் மணி மாலைப் பரபரப்பு (5)

கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் இதை எழுதி என் முன்னால் வைத்தார் பெரியப்பா. எனக்கு அப்போது பதினாலு வயது. படித்ததுமே கண்முன் ஒரு காட்சி வந்துவிட்டது: பேருந்து நிலையம், வீடு திரும்பும் கூட்டம், பூக்காரியின் குரல். ‘நெரிசல்’ என்று எழுதப் போனேன். எண்ணினால் நாலு எழுத்துதான் வருகிறது.

“எட்டேகால் மணிக்கு மாலையாடா? ராத்திரி ஆயிடாதா?” என்றார்.

கட்டைவிரலை வைத்து ‘பரபரப்பு’ என்ற சொல்லை மறைத்தார். “இது விடைக்கு அர்த்தம். மிச்சத்துல விடையோட எழுத்து இருக்கு. மணியையும் மாலையையும் சேர்த்துப் படி.” மணிமாலை என்றால் மணிகளைக் கோத்த சரம். எட்டேகாலுக்குத் தமிழ் எண்களை எழுதிக் காட்டினார்: எட்டுக்கு அ, காலுக்கு வ. பார்க்கச் சகிக்காத ஒன்றை ‘எட்டேகால் லட்சணம்’ என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவலட்சணத்தைத்தான் அப்படி மறைத்துச் சொல்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. அவ, சரம். அவசரம். பரபரப்பு என்றாலும் அதுதானே!

வழக்கமான குறுக்கெழுத்தில் குறிப்பு என்பது ஒரு கேள்வி. விடை தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் அடுத்ததற்குப் போகலாம். ஆங்கிலத்தில் கிரிப்டிக் என்று சொல்லும் சங்கேதக் குறிப்பு வேறு வகை. அதற்குள் விடை இரண்டு முறை இருக்கும், ஒருமுறை பொருளாக, ஒருமுறை எழுத்துகளாக. இரண்டும் ஒரே சொல்லில் வந்து முட்டும்போது, சரியா தவறா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பொது அறிவு குறைவாக இருந்தாலும், கைவசம் உள்ள சொற்களைக் கொண்டே விடையைப் பிடித்துவிடலாம். இதைக் கற்றுக்கொள்ள முடியாது, சிலருக்குப் பிறவியிலேயே வாய்ப்பது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது தவறு. கற்றுக்கொள்ள முடியும், சில பழக்கங்கள் வேண்டும், சில பழக்கங்களை விட வேண்டும்.

செய்ய வேண்டியவை

குறிப்பு நியாயமானது என்ற நம்பிக்கையோடு உட்காருங்கள். இந்த நியாயம் ஒரே நாளில் வந்ததல்ல. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் கட்டப் புதிரில் நேரடிக் கேள்விகள்தான் இருந்தன. சொற்களை வளைத்து ஏமாற்றும் கலை வளர்ந்தது இங்கிலாந்தில். 1926 முதல் அப்சர்வர் இதழில் ‘டார்க்கமாடா’ என்ற புனைபெயரில் புதிர் போட்ட எட்வர்ட் போவிஸ் மேத்தர்ஸ் அதில் முன்னோடி. மனம் போனபடி வளைத்தவர் அவர். அவருக்குப் பின் அதே இதழில் ‘சிமினீஸ்’ என்ற பெயரில் வந்த டெரிக் மக்நட் என்ற பள்ளி ஆசிரியர் அந்தக் கலைக்கு வரம்பு கட்டினார். ஒரு குறிப்பில் விடையின் பொருள் இருக்க வேண்டும், எழுத்து வழி இருக்க வேண்டும், இவை இரண்டைத் தவிர வெட்டிச் சொல் ஒன்றும் இருக்கக் கூடாது. 1966-இல் அவர் எழுதிய நூல் இன்றைக்கும் புதிர் போடுபவர்களின் இலக்கணம். டார்க்கமாடா, சிமினீஸ் இரண்டுமே ஸ்பெயினில் சமய விசாரணை நடத்திய கொடூரர்களின் பெயர்கள். 1972-இல் சிமினீஸின் இடத்துக்கு வந்தவர் டேசா என்ற இன்னொரு விசாரணை அதிகாரியின் பெயரைத் திருப்பிப் போட்டு ‘அசெட்’ என்று வைத்துக்கொண்டார். பெயரே ஒரு குறிப்பு!

குறிப்பின் இரு முனைகளையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். பெரியப்பாவின் கட்டைவிரல் செய்தது அதைத்தான். விடையின் நேர்ப்பொருள் அநேகமாக எப்போதும் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், அல்லது முடிவில் இருக்கும். நடுவில் வராது. ‘நகரம் குழம்பினால் பாவிகள் சேருமிடம் (4)’ என்பதில் முதல் சொல்லை மூடினால் மிச்சம் கோர்வையாக நிற்காது. கடைசி இரண்டு சொற்களை மூடினால் ‘நகரம் குழம்பினால்’ என்று ஒரு வேலை மிஞ்சுகிறது. ந, க, ர, ம் என்ற நான்கையும் குழப்பினால் நரகம். பாவிகள் சேருமிடம் அதுதான்.

செய்கைச் சொற்களைத் தனியே பொறுக்கி எழுதிவையுங்கள். ஒரு பழைய நோட்டு போதும். குழம்பி, சிதறி, உடைந்து, கலங்கி, ஆடி, வெந்து, பித்தேறி: இவையெல்லாம் எழுத்துகளைக் கலைக்கச் சொல்பவை. உள்ளே, வயிற்றில், விழுங்கி, அணைத்து, சூழ்ந்து என்றால் ஒன்றுக்குள் ஒன்று. திரும்பி, பின்வாங்கி என்றால் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். ‘சிவா திரும்பினால் படி (2)’ என்றால் வாசி. தலையற்ற, வாலறுந்த, இடையொடிந்த என்றால் எங்கே வெட்டுவது என்று அந்தச் சொல்லே காட்டுகிறது: ‘தலையிழந்த குதிரை கடலில் எழும் (2).’ குதிரையின் கு போனால் திரை, அதாவது அலை.

செய்கைச் சொல் எதுவுமே தென்படவில்லை என்றால், இரண்டு பொருள் தரும் ஒற்றைச் சொல்லைத் தேடுங்கள். எனக்கு மிகவும் பிடித்தவை இந்த வகைதான். கலைக்க வேண்டாம், வெட்ட வேண்டாம். ‘கழுத்தில் விழும் பொழுது (2).’ இதில் ‘பொழுது’ என்பதைக் காலமாகப் படிக்காமல், ‘விழும் பொழுது’ என்று சேர்த்துப் படித்துவிடுகிறோம். பிரித்துப் படித்தால் கழுத்தில் விழுவதும் மாலை, பொழுதும் மாலை.

‘கால்’ என்ற சொல்லைக் கண்டால் நின்று நிதானியுங்கள். தமிழில் புதிர் போடுபவருக்கு இதைப் போல உதவும் சொல் வேறு இல்லை. கால் என்றால் நாலில் ஒரு பங்கு, அதாவது வ. கால் என்றால் காற்று. கால் என்றால் சொல்லின் அடியில் நிற்கும் கடைசி எழுத்து. இவற்றோடு, எழுத்தின் பக்கத்தில் போடும் துணைக்காலும் கால்தான். ‘கலைக்குள் கால் வைத்தால் வருத்தம் (3)’ என்பதில் கலை என்ற சொல்லுக்குள் வ புகுந்து கவலையாகிறது. ‘கால் ஒடிந்த பாடம் சுவரில் தொங்கும் (3)’ என்பதில் பா தன் துணைக்காலை இழந்து பாடம் படமாகிறது. ஒரே சொல், இரண்டு குறிப்பு, இரண்டு வேலை. கொம்பும் அப்படித்தான்: ‘ராகத்துக்கு ஒரு கொம்பு முளைத்தால் மங்கை (2).’ பண் என்ற சொல்லுக்கு ஒற்றைக்கொம்பு போட்டால் பெண். ஆங்கிலக் குறிப்பில் எழுத்துக்கு ஒட்டு உறுப்பு கிடையாது. நம் எழுத்துக்குக் கால் உண்டு, கொம்பு உண்டு, சுழி உண்டு, தலையில் புள்ளி உண்டு. இந்த வசதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இதோடு தமிழ் எண்களையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். ஒன்று க, இரண்டு உ, நாலு ச, ஏழு எ, எட்டு அ. இந்த ஐந்தும் காலுக்கு வ-வும் தெரிந்தாலே பாதிக் கதவு திறந்துவிடும்.

எழுத்துகளை வைத்து விளையாடும் நம் பழைய பாடல் வகையான சித்திரக்கவியை ஒருமுறை புரட்டுங்கள். சங்கேதக் குறிப்பு மேலைநாட்டுச் சரக்கு என்பது உண்மைதான். ஆனால் அதன் கருவிகள் நமக்குப் புதியவை அல்ல. தண்டியலங்காரத்தின் சொல்லணியியலில் மாத்திரைச் சுருக்கம் என்று ஒன்று வருகிறது. ஒரு சொல்லில் ஒரு மாத்திரையைக் குறைத்தால் வேறு சொல் கிடைப்பது அது. பாடம் படமானது அதனால்தான். ஓர் எழுத்தைக் குறைத்துக்கொண்டே போவது அக்கரச் சுதகம், கூட்டிக்கொண்டே போவது எழுத்து வருத்தனம். ஒரு சொல்லின் எழுத்துகளை வெவ்வேறாகச் சேர்த்துப் பல சொல் காண்பது திரிபாகி. முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றாகவே படிக்கும் மாலைமாற்றில் சம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். காளமேகத்தின் சிலேடை நமக்குப் பள்ளிப் பாடம். இந்த மரபை அறிந்தவர்களுக்குக் கட்டப் புதிர் பாதி பழக்கமான வீடு.

கட்டத்தையும் பேச விடுங்கள். தமிழ்க் கட்டத்தில் மெய்யெழுத்துக்குத் தனிக் கட்டம், உயிர்மெய்க்கு ஒரே கட்டம். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது, ஆகவே நெடுக்குச் சொல் தொடங்கும் கட்டத்தில் புள்ளி வைத்த எழுத்து வராது. இன்னொன்று: ஒரு கட்டத்தில் ங் விழுந்துவிட்டால் அடுத்தது கிட்டத்தட்ட எப்போதும் க வரிசைதான். ந் வந்தால் த வரிசையைத்தான் எதிர்பார்க்க வேண்டும். இன எழுத்துகளைப் பள்ளியில் படித்ததோடு மறந்திருந்தால், இங்கே அவை திரும்ப வந்து உதவும்.

ஒரே கூட்டாளியோடு சேர்ந்து பழகுங்கள். இருவர் என்றால் ஒருவர் மயங்கும் இடத்தில் மற்றவர் விழித்துக்கொள்வார்.

செய்யக்கூடாதவை

குறிப்பைக் கதையாகப் படித்து அதிலேயே குடியிருந்துவிடாதீர்கள். முதல் முறை ரசித்துப் படியுங்கள், அது புதிர் போட்டவருக்குக் கொடுக்கும் மரியாதை. இரண்டாம் முறை சொல் சொல்லாகப் பிய்த்துப் படியுங்கள். இடைவெளியையும் காற்புள்ளியையும் அப்போது நம்பாதீர்கள். அவை கதைக்காகப் போட்டவை. ‘மணி மாலை’ என்பதற்கு நடுவில் இருந்த ஒரு சின்ன இடைவெளிதான் என்னைப் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது.

பொருள் பொருந்துகிறது என்பதற்காகப் பேனாவை எடுக்காதீர்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். நானும் விழுந்திருக்கிறேன். கலைக்குள் கால் வைத்த குறிப்புக்கு நான் முதலில் எழுதியது ‘துயர்’. மூன்று எழுத்து, வருத்தம் என்ற பொருள், என்ன குறை? சோகம் என்று எழுதினாலும் மூன்று எழுத்துதான். பெரியப்பா சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. “இதுல கலை எங்கடா?” என்று மட்டும் கேட்டார். துயரில் கலையும் இல்லை, காலும் இல்லை. குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லும் என்ன வேலை செய்கிறது என்று விரல் விட்டுச் சொல்ல முடியாதவரை அது விடை அல்ல, ஊகம். ஊகத்தைப் பேனாவால் எழுதினால் அதைக் குறுக்கே வெட்டும் நாலு சொற்களும் கெட்டுப்போகும்.

வேற்றுமை உருபைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றாதீர்கள். இது தமிழுக்கே உரிய சிக்கல், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. ‘கலைக்குள்’ என்று வந்தால் நமக்கு வேண்டியது கலை, ‘க்குள்’ என்பது புகச் சொல்லும் கட்டளை. ‘மாலைப் பரபரப்பு’ என்பதில் இடையில் மிகுந்த ப் இரண்டு சொல்லையும் ஒட்டும் பசை, விடைக்குள் அதற்கு இடமில்லை. அப்படியென்றால் எல்லா உருபையும் ஒட்டையும் உதறிவிடலாமா? இதைப் பாருங்கள்: ‘நனைந்தவளை உள்ளே பார்த்தால் மழையில் கத்தும் (3).’ வழக்கம்போல ஐ உருபை எடுத்துவிட்டால் நனைந்தவள் மட்டும் நிற்பாள், அவளுக்குள் ஒன்றும் அகப்படாது. உருபோடு எழுத்து எழுத்தாக எழுதுங்கள்: ந, னை, ந், த, வ, ளை. கடைசி மூன்றில் தவளை உட்கார்ந்திருக்கிறது! இந்தக் குறிப்பை நான் முதலில் ‘மழையில் நனைந்தவளை உள்ளே பார்த்தால் கத்தும்’ என்று எழுதியிருந்தேன். படிக்க அழகாக இருந்தது. ஆனால் அங்கே ‘மழையில்’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. அதைத் தூக்கிக் கடைசியில் வைத்ததும் ‘மழையில் கத்தும்’ என்று தவளைக்கு நேர்ப்பொருளாகிவிட்டது. ஒரு சொல் இடம் மாறியதில் குறிப்பு முழுசாக நின்றது. இன்னொரு நுணுக்கம்: கதையின்படி அவள் கத்துவாள் என்று வந்தாலும் வரலாம், ஆனால் குறிப்பு ‘கத்தும்’ என்று அஃறிணையில் முடிகிறது. திணை இப்படி உறுத்தினால் அங்கே தோண்டுங்கள்.

யார் யாரை விழுங்கினார் என்பதில் அவசரப்படாதீர்கள். இலக்கணக்காரர்கள் ‘புலி கொன்ற யானை’ என்று காட்டுவார்களே, கொன்றது புலியா யானையா என்று தெரியாமல் தடுமாற வைக்கும் தொடர், அதுவே இங்கே அன்றாடப் பண்டம். ‘அ விழுங்கிய ஆ’ என்று ஒரு குறிப்பு வந்தால் இரண்டு வழியிலும் எழுதிப் பாருங்கள்.

ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்கும் குறிப்பை ஏற்காதீர்கள், நீங்களும் எழுதாதீர்கள். ஒலியை வைத்து விளையாடுவது ஆங்கிலத்தில் பெரிய வகை, காரணம் அங்கே எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று. தமிழில் கிளியும் கிழியும் ஒன்றாகக் கேட்கிறது என்றால் அது நாக்கின் சோம்பல். அதன்மேல் புதிர் கட்டினால், சரியாக உச்சரிப்பவர்களுக்கு விடை கிடைக்காமல் போகும். அது அநியாயம்.

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். 1942 ஜனவரியில் லண்டன் டெய்லி டெலிகிராஃப் நாளிதழ், 12 நிமிடத்துக்குள் குறுக்கெழுத்தை முடிக்க ஒரு போட்டி வைத்தது. நன்றாகச் செய்தவர்களில் சிலர், ஜெர்மானியச் சங்கேதங்களை உடைத்துக்கொண்டிருந்த பிளெட்ச்லி பார்க் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். அந்த 12 நிமிடத்துக்குப் பின்னால் பல வருடப் பழக்கம் இருந்திருக்கும். பழகத் தொடங்கியவர் ஒரு குறிப்பை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தால் தவறே இல்லை. தண்ணீர் பிடிக்கும்போது, பேருந்துக்கு நிற்கும்போது அது தானாக அவிழும்.

பெரிய புதிர்களைக் கண்டு அஞ்சி ஒதுங்காதீர்கள். தி இந்து நாளிதழுக்கு 1970-களில் புதிர் போட்டவர் வைஸ் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி, இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி. தளபதி போட்ட புதிர் ஆயிற்றே என்று யாரும் தயங்கவில்லை. மாணவர், குமாஸ்தா, ஓய்வு பெற்றவர் என்று எல்லோரும் காப்பியோடு அதைப் பிரித்தார்கள். முப்பது குறிப்பில் இரண்டு விழுந்தால் அன்றைக்கு இரண்டு. நாளைக்கு மூன்று விழும்.

அச்சான விடையைப் பார்த்து ‘ஓ’ என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துவிடாதீர்கள். விடையிலிருந்து குறிப்புக்குத் திரும்பி வாருங்கள். பெரியப்பா மறுநாள் காலையில் செய்த முதல் வேலை அதுதான். முந்தின நாள் தோற்ற குறிப்புகளின் ஓரத்தில் வழியைச் சின்ன எழுத்தில் எழுதுவார், எது எதற்குள் போனது, எது தலையிழந்தது என்று. வழி பிடிபடாத குறிப்புக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. சில கேள்விக்குறிகளைப் பல மாதம் கழித்து அழித்து எழுதியிருக்கிறார்.

கடைசியாக, மற்றவருக்கு விடையைச் சொல்லிவிடாதீர்கள். கேட்டாலும் சொல்லாதீர்கள். கெஞ்சினால், நேர்ப்பொருள் எந்தப் பக்கம் என்று மட்டும் காட்டுங்கள். நானும் அதையே செய்கிறேன். பெரியப்பா எழுதிய இன்னொரு காலண்டர் தாளில் இருப்பது இது:

பல்லால் பதம் பார், உறைப்பு நேரம் காட்டும் (5)

கட்டைவிரலைக் கடைசி இரண்டு சொற்களின் மேல் வையுங்கள்.